செலின் திரும்பிப் பார்த்த புரொப்பெல்லர்

ஸ்டோன்பீல்ட் தோட்டம்,
பெக்டரி குவாட்டர்ஸ்,
திம்புள்ள, ஹட்டன்.
14.2.1961, செவ்வாய்

அன்புள்ள அத்தானுக்கு,

சமாதானம் உண்டாவதாக. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்பது கையெழுத்தின் அழுத்தத்திலேயே தெரிகிறது. கோபமாக இருப்பதும் அதிலேயே தெரிகிறது.

நவம்பரில் சீமையிலிருந்து வந்த பார்சலுக்குப் பெப்ரவரியில் பதில் எழுதுகிறேன். நடுவில் நான் அனுப்பிய இரண்டு துண்டுகளை நீங்கள் கடிதக் கணக்கில் சேர்க்கவில்லை, நியாயம்தான். "நாலு புரொப்பெல்லரும் மூணு பிளக்கும் அனுப்பினேன், எது நம்ம மலைக்குச் சரிவருதுன்னு ஒரு வரி இல்ல. இன்னும் ஒரு வருஷம் இங்க இருக்கவா வேணாமான்னு கேட்டேன், அதுக்கும் ஒரு வரி இல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் பதினைந்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதன் அடியில் இரண்டு கோடு. பார்த்தேன். இரண்டுக்கும் பதில் இதில் வரும்.

அதற்கு முன் ஒன்று. சுற்றி வளைத்து எழுதினால் நீங்கள் வரிகளுக்கு நடுவே தேடுவீர்கள், எனவே நேராக எழுதிவிடுகிறேன். நம் செலினுக்குக் காது கேட்கவில்லை. முழுதும் கேட்கவில்லையா, கொஞ்சம் கேட்கிறதா என்பது இன்னும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை இந்தக் கடிதத்தை ஒட்டமாட்டேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கே புரியும்.

முதலில் பிளக். தோட்டத்துப் பெரிய துரை ஊருக்குப் போகும்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பொம்மை விமானத்தின் சின்ன எஞ்சினை, நீங்கள் சொன்னபடியே தேயிலைப் பெட்டிப் பலகையில் இறுக்கி, முன் வராந்தா மேசையில் பூட்டினேன். பலகையைப் பூட்டியது நான், சரியாகப் பூட்டியது பழனியாண்டி அண்ணன். கொழுந்து அரைக்கும் ரோலர் அறையில் முப்பது வருஷம் நின்ற மனுஷனுக்கு என் திருகாணி முடுக்கல் சிரிப்பாக இருந்தது. பழைய பிளக்கில் பெட்டரியை மாட்டி, புரொப்பெல்லர் விசிறியைச் சுண்டினால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பெட்டரியைக் கழற்றிய மறு நொடியே செத்துப்போகும். பத்துத் தடவை, பதினைந்து தடவை. பிளக்கின் வயிற்றில் உள்ள சுருள் கம்பி பெட்டரி போன பிறகும் தன் சூட்டிலேயே சிவந்திருக்க வேண்டும் அல்லவா, அது இங்கே நிற்கவில்லை. காரணம் காற்று. நாலாயிரத்து ஐந்நூறு அடியில் காற்று மெலிந்திருக்கிறது. துரை கொழும்பில் ஓட்டிப் பார்த்து வைத்த ஊசித் திருகு, இங்கே எண்ணெயை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் விடுகிறது. கம்பி நனைந்து குளிர்ந்துவிடுகிறது. ஊசியை முக்கால் சுற்று மூடினேன். அப்போதும் பழைய பிளக் இழுத்து இழுத்துத்தான் நின்றது. நீங்கள் நீலத் தாளில் சுற்றி அனுப்பிய சூட்டுப் பிளக்கைப் போட்டதும் பெட்டரி இல்லாமல் நின்று ஓடியது. அதனால் மலைக்குச் சூட்டுப் பிளக்தான். குளிர் பிளக் கொழும்பில் இருப்பவர்களுக்கு.

மூன்றாவது பிளக்கை நான் எரித்துவிட்டேன். டோர்ச் லைட்டின் இரண்டு பெட்டரியையும் ஒன்றாக மாட்டினேன். பட்டென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிய பெண் செய்கிற காரியமா என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள், எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

எஞ்சினுக்கு எரிக்கக் கலக்கிற ஆமணக்கெண்ணெய்க்கு ஹட்டனில் மீராசாஹிப் காக்கா கடைக்குப் போனேன். நாலு போத்தல் கேட்டதும் அவர் தராசை வைத்துவிட்டு, "என்ன டீச்சர், ஸ்கூல்ல எல்லாப் புள்ளைகளுக்கும் ஒரே நாள்ல வயிறு கட்டிருச்சா?" என்று கேட்டார். எஞ்சினுக்கு என்றேன். அவர் நம்பவில்லை. அதோடு சேர்க்கிற மெதனாலைக் கொழும்பிலிருந்து அவரே எடுத்துத் தந்தார். அதன் மேல் சிவப்பு மையில் நஞ்சு என்று எழுதி அலுமாரியில் பூட்டியிருக்கிறேன். பழனியாண்டி அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இது குடிக்கிற சாமான்தானா என்று கண்ணாலேயே கேட்டார். கண் பார்வை போய்விடும் என்று கையால் காட்டினேன். அப்படியே மூடிவிட்டார்.

கையால் என்றேன். இனி அதைப் பற்றித்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, பெக்டரி ஓடாத அமைதியில், முதன்முதலாக ஏழுக்கு ஆறு புரொப்பெல்லரைப் போட்டு எஞ்சினை முழு வேகத்தில் விட்டோம். ஏழு அங்குலக் குட்டை விசிறி, அதனால் சுற்று எகிறிவிட்டது. இரும்பை இரும்பால் கீறுவது போல ஒரு கீச்சு. வேடிக்கை பார்க்க வந்த, தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். தோட்டக் கண்டக்டர் கண்டாக்கையா வீட்டு நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போய் ஒளிந்தது. வீட்டு ஒத்தாசைக்கு வருகிற ராக்காயி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள்.

செலின் எஞ்சினுக்கு இரண்டு கஜத்தில், வாசல் கல்லில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் ஒன்றை விரலால் நீவி நீவி மடிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் நிற்கவில்லை.

"அப்பன் மவதானே, எஞ்சினுக்கு அஞ்சுமா?" என்று ராக்காயி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான், நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றவர் பழனியாண்டி அண்ணன் ஒருவர்தான். அவர் எஞ்சினை அணைத்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு வயதுப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே நூறு முறை கேட்டுவிட்டேன். பதில் நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாம் குடியிருப்பது பெக்டரியின் தோளில். வாரத்தில் ஆறு நாள் ரோலர் சத்தம். இந்தக் குவாட்டர்ஸில் யார் யாரை மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறோம்? கத்துவோம், இல்லாவிட்டால் தோளைத் தட்டுவோம், இல்லாவிட்டால் ரோலர் அறைக்காரர்கள் பேசுவது போலக் கையால் பேசுவோம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. விரலை நெற்றியில் வைத்தால் துரை வருகிறார். வாயருகே கையைக் குவித்தால் தேத்தண்ணி. செலின் இரண்டு வயதிலேயே அதையெல்லாம் கற்றுக்கொண்டாள். நீங்கள் அவளைப் பெக்டரி வாசலில் நிறுத்தி, ஆட்களுக்கு வேடிக்கை காட்டினீர்கள். "ஃபிட்டரய்யா மவ வேலைப் பெரட்டுக்கு ரெடி" என்று அவர்கள் கைதட்டினார்கள். வாய் பேசாததை யாரும் பார்க்கவில்லை, கை பேசிக்கொண்டிருந்ததால். சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றோம். நீங்களே ஐந்து வயது வரை பேசாமல் இருந்தவராம், அதையும் சேர்த்துக்கொண்டோம். வேறு எந்தத் தெருவில், எந்த ஊரில் இருந்திருந்தாலும் முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். ஒக்டோபரில் அவள் என் பள்ளிக்கூடத்துக் கொப்பிகளில் தண்ணீரைக் கொட்டினாள். மூலையில் சுவரைப் பார்க்க நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "சரி, வா" என்றேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. பிடிவாதமா, நில் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள், திரும்பவில்லை. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை, அத்தான். விடுதலை ஆனது தெரியாமல் நின்றிருக்கிறாள்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன.

16.2.1961, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து தொடர்கிறேன். செலின் என் காலடியில் உங்கள் பார்சல் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். இப்போதுகூட அவள் தலைக்குப் பின்னால் ஒரு தரம் விரலைச் சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். டிசம்பரிலிருந்து எனக்கு இதுதான் வேலை. கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறேன், தட்டைக் கீழே போடுகிறேன், சாவிக்கொத்தைக் குலுக்குகிறேன். "பேயாட்டம் புள்ள பின்னாலயே கைதட்டிக்கிட்டுத் திரியிறீங்க, அது பயந்துக்கப் போவுது" என்று ராக்காயி என்னைத் திட்டுகிறாள். பயந்துகொண்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒருநாளும் பயப்படவில்லை.

டிசம்பர் முழுக்க நான் எஞ்சினைத் தொடவில்லை. அந்தச் சாமான்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு உங்களுக்கு எழுதிய நாலு வரியும் அந்த மனத்தோடு எழுதியது. ஜனவரி நடுவில், பார்சலைக் கட்டி அலுமாரி மேல் போடலாம் என்று எடுத்தபோது மற்ற மூன்று புரொப்பெல்லர்களும் கையில் வந்தன. எட்டுக்கு ஆறு, ஒன்பதுக்கு நான்கு, பத்துக்கு நான்கு. அப்போதுதான் உறைத்தது. குறுக்களவு கூடக் கூட எஞ்சினுக்குச் சுமை கூடும், சுற்று குறையும், சத்தம் தணிந்து கனமாகும். உச்சக் கீச்சு கேட்காத காதுக்குத் தாழ்ந்த சத்தம் கேட்கக்கூடும். காதில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. நீங்கள் விமானத்துக்காக அனுப்பிய நாலு விசிறியும் எனக்கு நாலு சுருதியாகத் தெரிந்தன.

அடுத்த ஞாயிறே ஓட்டினோம். எட்டுக்கு ஆறு, இல்லை. ஒன்பதுக்கு நான்கு, இல்லை. பத்துக்கு நான்கைப் போட்டு ஊசியைச் சரிசெய்து விட்டதும், வராந்தாவில் உட்கார்ந்திருந்த செலின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மூன்று முறை நிறுத்தி மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் திரும்பினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் வழிந்த வராந்தாவெல்லாம் சுற்றினேன். அன்று மத்தியானமே, "எல்லாரும் நலம், மிக்க நலம், பிறகு விவரமாக எழுதுகிறேன்" என்று ஒரு கடிதம் போட்டேனே, அது அன்றைய கடிதம். நீங்கள் அதைப் படித்துவிட்டு, கேட்டதற்குப் பதில் எங்கே என்று கோபப்பட்டிருப்பீர்கள்.

மறுநாள் பழனியாண்டி அண்ணன் வந்து வாசலில் நின்றார். உங்களுக்குத் தெரியும், அவர் குரல் அவர் உடம்புக்குப் பொருந்தாத கீச்சுக் குரல். அதைத் தணித்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்குக் காதுல கேக்கல. கால்ல கேக்குது. பெரிய விசிறி சுத்துறப்ப பலகைத் தரை அதிருது. நானும் பத்து வருஷமா அப்படித்தான் ரோலரக் கேக்குறேன்."

பத்து வருஷமாக அந்த மனுஷனுக்குப் பாதிக் காது இல்லை என்பது நமக்குத் தெரியுமா? வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். முதல் ஞாயிறே செலினின் முதுகைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் சொல்ல ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது.

நான் படித்தவள். தரை அதிரும் என்பதை நான்தான் முதலில் நினைத்திருக்க வேண்டும். ஆசை வந்து கண்ணை மறைத்துவிட்டது.

போன புதன்கிழமை அவளைக் கண்டிக்குக் கூட்டிப் போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினேன். வயதான சிங்களவர், பொறுமையானவர். இசைக்கவையை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே பிடித்தார். செலின் பஸ் பயணத்தில் வாந்தியெடுத்துக் களைத்து, புது மனுஷரைப் பார்த்து மிரண்டு, என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். எதற்குத் திரும்பினாள், எதற்கு அழுதாள் என்று அவராலும் பிரிக்க முடியவில்லை. ஏதாவது காய்ச்சலால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்றும் சொல்ல முடியவில்லை. நான் புரொப்பெல்லர் கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாழ்ந்த சத்தம் கொஞ்சமாவது காதுக்குள் போகிறதென்றால் சொல் வரும். அதற்கு, கனத்த குரலில், காதோடு வாய் வைத்து, நாள் முழுக்க ஒருவர் பேச வேண்டும். அதையும் ஐந்து வயதுக்குள் தொடங்கிப் பழக்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கடினம். நெஞ்சில் மாட்டுகிற கருவி ஒன்று சீமையில் வந்திருக்கிறது, அதுவும் கேட்கிற பகுதி மிச்சமிருந்தால்தான் உதவும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால் சொல்லை மறந்துவிட்டுக் கைமொழிப் பள்ளிக்கூடத்துக்கு இப்போதே எழுதிப் போட வேண்டும். அந்தப் பள்ளி கொழும்புப் பக்கம் இருக்கிறது. பிள்ளையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வீட்டிலேயே, பயமில்லாத இடத்தில், மறுபடி சோதித்து எழுது என்றார். "உன் எஞ்சின் என் கவையைவிட நல்லது" என்றார்.

செலினுக்கு வருகிற ஜனவரியில் ஐந்து முடிகிறது.

அதனால் வருகிற ஞாயிறு. இந்த முறை வராந்தா கிடையாது. பெக்டரிக்குக் கீழே பந்தடிக்கிற புல்தரையில், பலகையை மண்ணில் அடித்த முளையில் பூட்டப் போகிறோம். செலினை இருபது அடி தள்ளிப் புல்லில், மடித்த கம்பளி மேல் உட்கார வைப்போம். காற்று அவள் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் வீச வேண்டும். இல்லாவிட்டால் ஆமணக்கெண்ணெய்ப் புகையை மோந்து திரும்பிவிடுவாள். நிழல் அவள் முன்னால் விழக் கூடாது. இரண்டு முறை எஞ்சினைப் பற்றவிடாமல் சும்மா விசிறியைச் சுண்டவும் சொல்லியிருக்கிறேன், அதற்கும் திரும்புகிறாளா பார்க்க. சூட்டுப் பிளக் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது எரிந்தால் எல்லாம் நின்றுவிடும். பெட்டரி ஒன்றுதானா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இன்று ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு வகுப்புக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தேனாம். பிள்ளைகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

19.2.1961, ஞாயிறு

சாயங்காலம் நாலரை மணி. சேலையெல்லாம் எண்ணெய். வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கிறது, அதனால்தான் எழுத்துக் கோணல். விசிறி தட்டிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை. பழனியாண்டி அண்ணன் குச்சியால் சுண்டச் சொன்னார், நான் கேட்கவில்லை.

காலையில் மூடுபனி. பூசையில் என் மனம் நிற்கவில்லை, பாவம்தான். பத்து மணிக்கு வெளுத்தது. கூட்டம் சேர வேண்டாம் என்று ராக்காயியிடம் சொல்லியிருந்தேன். அவள் லயத்துப் பக்கம் காவல் நின்று, வந்த பிள்ளைகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள்.

செலினுக்கு ஒரு கட்டு ஈயத்தாள் கொடுத்து, முதுகு எங்கள் பக்கம் இருக்க உட்கார வைத்தேன். நான் அவள் முகம் தெரிகிற இடத்தில், அவள் என்னைக் கவனிக்காதபடி பக்கவாட்டில், கொப்பியோடு உட்கார்ந்தேன்.

ஏழுக்கு ஆறு. மலையெல்லாம் எதிரொலித்தது. இல்லை.

எட்டுக்கு ஆறு. இல்லை.

ஒன்பதுக்கு நான்கு. ஒரு முறை விரல் நின்றது போலிருந்தது. மறுமுறை நிற்கவில்லை. கொப்பியில் கேள்விக்குறி போட்டேன். ஆசையால் போட்டதோ என்று அதையும் அடித்துவிட்டேன்.

பத்துக்கு நான்கைப் பூட்டினோம். எஞ்சின் பற்றவில்லை. பனியில் எல்லாம் நனைந்திருந்தது. பழனியாண்டி அண்ணன் பிளக்கைக் கழற்றித் துடைத்து, உள்ளங்கையில் பொத்தி வாயால் ஊதிச் சூடேற்றி மறுபடி திருகினார். பற்றியது. பெட்டரியை இழுத்ததும் இரண்டு தரம் இருமியது. என் உயிரும் கூடவே இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கனத்த, அடிவயிற்றுச் சத்தம்.

செலின் தலையைத் தூக்கினாள். தாளைப் புல்லில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நான் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கையைக் கவிழ்த்துக் காட்டினேன், அவர் நிறுத்தினார். அவள் மறுபடி தாளுக்குப் போகும் வரை காத்திருந்தோம். ஆறு முறை ஓட்டினோம். ஐந்து முறை திரும்பினாள். சும்மா சுண்டிய இரண்டு முறையும் திரும்பவில்லை. அண்ணன் தாமாகவே புல்லில் காதை வைத்துப் படுத்துப் பார்த்து, தரையில் ஒன்றும் வரவில்லை என்று கையால் காட்டினார். பிறகுதான் கொப்பியில் எழுதினேன். கேட்கிறது. கொஞ்சம்தான். தாழ்ந்தது மட்டும்தான். ஆனால் காதுக்குள் போகிறது.

ஒன்று சொல்கிறேன். ஐந்து முறையும் அவள் திரும்பியது எஞ்சினைப் பார்க்க அல்ல. எஞ்சினைத் தாண்டி, மேலே, நீங்கள் வேலை விட்டு வெளியே வருகிற பெக்டரிக் கதவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பிவிட்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது. நீங்கள் இருந்தவரை அவள் கூப்பிட்டால் வருகிற பிள்ளை. உங்கள் மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நீங்கள் அந்தக் கனத்த குரலில் பேசப் பேச அசையாமல் கிடப்பாள். "ப்பா" என்ற ஒரே சொல்லும் அங்கேதான் வந்தது. நீங்கள் கப்பலேறிய பிறகுதான் பிடிவாதக்காரி ஆனாள் என்று நான் உங்களுக்கே எழுதினேன். செல்லம் கொடுத்துக் கெடுத்தீர்கள் என்றும் எழுதினேன்.

மத்தியானம் அவளை மடியில் வைத்து, டாக்டர் சொன்னபடி காதோடு வாய் வைத்துப் பேசிப் பார்த்தேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். கோயிலில் மேல்சுருதிக்கு என்னைத்தான் நிறுத்துவார்கள். எவ்வளவு தணித்தாலும் ஏழுக்கு ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. தொண்டை கட்டுகிற வரை முயன்றேன். அவள் என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மெல்ல இறங்கிப் போய்விட்டாள். பழனியாண்டி அண்ணனையும் பேசச் சொன்னேன், அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். அவர் குரலைத்தான் சொன்னேனே. ராக்காயி கத்தினால் தேயிலைக்கே கேட்கும், அதுவும் மேல்சுருதிதான். நாளையிலிருந்து தினமும் முயல்வேன். விடமாட்டேன்.

இனி உங்கள் கேள்விகள்.

விமானத்துக்கு ஒன்பதுக்கு நான்குதான் சரி. நம் மெலிந்த காற்றில் ஏழுக்கு ஆறு வெறும் கூச்சல், இழுவை இல்லை. எட்டுக்கு ஆறு இழுக்கிறது, ஆனால் எடுப்பில் திணறுகிறது. பத்துக்கு நான்கு நன்றாக இழுக்கிறது. ஆனால் நீங்கள் வைத்த சக்கரக் கால் குட்டை, இறங்கும்போது விசிறி தரையில் தட்டும். அங்கே உங்கள் பொம்மை விமானக் கிளப்பில் உள்ளவர்கள் பெரிய மலை என்றால் பெரிய விசிறி என்று சொன்னார்களாம், பாதி சரி. ஒன்பதுக்கு நான்கில் ஆறு வாங்குங்கள், மரத்தில். உடைய உடைய மாற்றலாம். சூட்டுப் பிளக் நாலு. குளிர் பிளக் வேண்டாம். பத்துக்கு நான்கு ஒன்று போதும், அது இங்கே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

நெஞ்சில் மாட்டும் அந்தக் கருவி நாலு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்குமா, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதுங்கள். டாக்டருக்கு நாளைக்கு நான் எழுதிவிடுகிறேன். கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு இப்போதைக்கு எழுதப் போவதில்லை.

அடுத்தது அந்த ஒரு வருஷம். துரை எத்தனை பேரைப் பிடித்து உங்களை அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும். பிரஜாவுரிமைக் காகிதத்துக்கு நாம் அலைந்த அலைச்சலும், பாஸ்போட் கையில் வந்த அன்று நீங்கள் அழுததும் எனக்கு மறக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருந்தால் முழு எஞ்சினியராக வருவீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்களில் யார் அப்படி வந்திருக்கிறார்கள்? அதற்குக் குறுக்கே நிற்கிற பெண்ணாக நான் இருக்கமாட்டேன். கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செலினின் பிறந்த நாள் ஜனவரி ஒன்பது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இன்னும் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளியுங்கள். தொண்டை கரகரத்தால் அலட்சியம் செய்யாமல் அன்றைக்கே மருந்து வாங்குங்கள். நாங்கள் இரண்டு பேரும் தினமும் முழங்காலில் நின்று கேட்பது ஒன்றுதான், ஆண்டவர் உங்கள் குரலைக் காப்பாராக.

உங்கள்
மார்கிரட்